பன்னிரண்டு காசு

என் கணவர் குனியோ முப்பத்தொரு வருடம் ஒரே வேலை பார்த்தார். செத்துப்போனவர்கள் நூடுல்ஸுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று படித்துச் சொல்கிற வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்பதால், உறவுக்காரர்களிடம் "ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடையில் இருக்கிறார்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

உண்மையில் அது புத்தகக் கடை இல்லை, படக் கடை. மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றியெடுத்த பழைய படங்கள். கடையின் முன்பக்கம் நடிகர்கள், அழகிகள், மலை, அலை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பெருமூச்சு விட்டு வாங்கிப் போவார்கள். என் வீட்டுக்காரர் பின்பக்கம். அங்கே இருந்த மரப்பெட்டிகளில் யாருக்கும் வேண்டாத காகிதங்கள் கிடந்தன: மருந்து விளம்பரம், சாப்பாட்டுக் கடைப் படம், புது வருடத்துக்குக் குளியல்கூடம் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்த படம். அவற்றில் இருக்கிற எழுத்து, மைக்கூட்டில் விழுந்த எறும்பு ஏறி ஓடிய மாதிரி இருக்கும். இன்றைக்கு இருப்பவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அதைப் படிக்க வராது. எனக்கும் வராது. அவர் மட்டும் நான் பேருந்துப் பலகையைப் படிக்கிற வேகத்தில் படிப்பார்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டு எழுதி வைப்பார். அந்தச் சீட்டின் வரிசை ஒருநாளும் மாறாது. முதலில் தேதி. படத்தின் மூலையில் சின்ன வட்ட முத்திரை ஒன்று இருக்கும். எலி, எருது, புலி என்று வருடத்துக்கு ஒரு மிருகம்; அதில் அந்த வருடத்து மிருகமும் மாதமும் இருக்கும். அதைப் பார்த்து எழுதிய பிறகுதான் என்ன பொருள், யார் விற்றது, எத்தனை காசு என்பதெல்லாம். கடைசி வரியில் அதே பொருள் இன்று நம் தெருவில் என்ன விலை என்று எழுதுவார். அந்தக் கடைசி வரியைக் கடையில் யாரும் கேட்கவில்லை. அவராகப் போட்டுக்கொண்ட வேலை.

"தேதி இல்லாத விலை விலையே இல்ல" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எனக்குச் சொல்வார். நூடுல்ஸ் தலைமுறை தலைமுறையாகப் பதினாறு காசாம். அப்புறம் நாடு கெட்டுப்போன வருடங்களில் இருபது, இருபத்துநாலு. படம் அச்சடிக்கிறவன் விலை ஏறியதற்காகப் புதுப்பலகை செதுக்க மாட்டானாம். பழைய எண்ணை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் புது எண் செதுக்கிய துண்டு மரத்தைப் பொருத்தி விடுவானாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எண்ணைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியுமாம். அப்படி ஒரு கோடு கிடைத்த நாளில் மனிதர் சம்பள உயர்வு கிடைத்தவர் மாதிரி வீட்டுக்கு வருவார். சம்பளம் உயர்ந்த நாளில் சாதாரணமாக வந்தார். நான்தான் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

ஒரு புகையிலை டப்பாவில் பழைய வெண்கல நாணயங்கள் வைத்திருந்தார். நடுவில் சதுர ஓட்டை, பின்பக்கம் அலை அலையாகக் கோடு. ஒவ்வொன்றும் நான்கு காசு பெறும். நான் நூடுல்ஸ் வைத்த ராத்திரிகளில் சாப்பிட்டு முடித்து, நான்கு நாணயங்களை மேசையில் ஒவ்வொன்றாக வைப்பார்.

"இந்தாங்கம்மா, பதினாறு. பாக்கி எதுவும் இல்ல."

"இருநூறு வருஷத்துக்கு முந்தி செத்தவகிட்டக் குடுங்க. எனக்கு வெங்காயத்தாள் வாங்கவே இருநூறு யென் ஆச்சு" என்று திருப்பித் தள்ளுவேன். அவர் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்வார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் கொஞ்சல் என்று ஏதாவது இருந்தது என்றால் இதுதான்.

இன்னொரு விஷயம் குளியல். அரகாவாவில் எங்கள் வீட்டில் குளியல் தொட்டி இருந்தது. அவர் அதைத் தொட மாட்டார். "அது தொட்டி இல்ல, சட்டி" என்பார். சாயங்காலம் ஆறு மணிக்குத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, காசு கொடுத்துக் குளிக்கிற தெருமுனைப் பொதுக் குளியல்கூடத்துக்குப் போய்விடுவார். மற்றவர்கள் கால் வைக்கப் பயப்படுகிற சூட்டில் கழுத்து வரைக்கும் உட்கார்ந்துவிட்டு, வேகவைத்த ஆக்டோபஸ் மாதிரி சிவந்து திரும்பி வருவார். கல்யாணமான புதிதில் ஏதோ காய்ச்சல் என்று பயந்தேன். பிறகு பழகிவிட்டது.

அந்த நவம்பர் காலையில் நான் சண்டை போட்டதும் அதைப் பற்றித்தான். குளியல்கூடத்தில் முப்பது யென் ஏற்றியிருந்தார்கள்.

"மாசத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க" என்றேன். "நம்ம வீட்டுக் குழாயைத் திறந்தா வெந்நீர் வருது. நீங்க மட்டும் ஜமீன்தார் மாதிரி வெளியில போய்க் குளிக்கணும்."

"விலைன்னா ஏறும்" என்றார், ஷூவை மாட்டிக்கொண்டே. "ஏறாம இருந்தா நான் எதைப் படிச்சு உனக்குச் சோறு போடறது?"

"சோறு நான்தான் போடறேன்."

அவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். நான் மதிய உணவுப் பொட்டலக் கடையில் அரைநாள் வேலை பார்க்கிறவள். மூன்று மணிக்கு வேலை முடிந்து ஏப்ரனைக் கழற்றும்போது கடை ஃபோன் அடித்தது. படக்கடை முதலாளி அராஹதா. என் கணவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணி, குனியோ அண்ணன் மேசையிலயே சாஞ்சுட்டார். பூதக்கண்ணாடியைக் கையில பிடிச்சபடியே. ஆம்புலன்ஸ் வந்தாச்சு, நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாம் புரிகிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால், நான் ஏதோ அயல்நாட்டு மொழியில் பேசிவிட்ட மாதிரி என் வாயையே பார்ப்பார். வாழ்நாள் முழுக்க யாருக்கும் படிக்க வராததைப் படித்தவருக்கு இப்போது "தண்ணி" படிக்க வரவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

மூன்றாவது வாரத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். நிஷிகோரி என்று பெயர். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். நாய். அவர் பேசாமல் இருந்தார். குடை. பேசாமல் இருந்தார். கிண்ணத்தில் நூடுல்ஸ்.

"பதினாறு" என்றார்.

நிஷிகோரி தன் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"அதை அழிம்மா. சரியாத்தான் சொல்றார்."

"அம்மா, இது நூடுல்ஸ் படம்..."

"நூடுல்ஸ்தான். பதினாறு காசு. அடுத்த அட்டையைக் காட்டு."

அடுத்தது குச்சியில் கோத்த மாவு உருண்டை. "நாலு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். பொருளின் பெயரெல்லாம் போய்விட்டது, விலை மட்டும் தங்கிவிட்டது. நாம் எண்ணைச் சொன்னாலும் அவருக்குப் புரிந்தது, தலையை ஆட்டினார். பெருக்கல் குறி போட்ட இடத்தில் நிஷிகோரி ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து அவர் அலமாரியைத் திறந்தேன். முப்பத்தொரு வருடச் சீட்டுகளின் நகலை நோட்டுப் புத்தகங்களாகத் தைத்து வைத்திருந்தார். நாற்பத்துமூன்று நோட்டு. பழைய எழுத்துத்தான் எனக்குத் தெரியாது. அவர் கையெழுத்து தெரியும். சமையல் மேசையில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். இடப்பக்கம் எண், வலப்பக்கம் பொருள். அவர் தேதியில்தான் தொடங்குவார். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பட்டியல் வேலை செய்தது. "இருபத்தெட்டு" என்று சொல்லி முகத்தைத் திருப்பினார். பார்த்தேன், முடி திருத்துகிற கூலி. நர்ஸிடம் சொல்லிச் சவரம் செய்யச் சொன்னேன். முடித்ததும் இடது கையால் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நாப்பத்தெட்டு" என்றார். கதை சொல்லும் மண்டபத்துக்கு நுழைவுச் சீட்டு. ரேடியோவில் நகைச்சுவைக் கதை வைத்தேன். அரை முகத்தால் சிரித்தார். செண்டாயில் வேலை பார்க்கிற மகள் மிஹோகோ வாரக் கடைசியில் வந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அம்மா, நீ அப்பாவைவிட நல்லாப் படிக்கற" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவர் வேலையில் நான் கைவைத்தது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் நடுவில் "பன்னிரண்டு" ஆரம்பித்தது.

அப்போது அவருக்குச் சின்னதாகக் காய்ச்சல் வந்து போய்க்கொண்டிருந்தது. விழுங்குவதில் சிரமம், சாப்பாடு குறைந்துவிட்டது. கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் பகலில் என்னைப் பார்த்துத் தெளிவாக "பன்னிரண்டு" என்றார். சொல்லிவிட்டு இடது கையால் ஆஸ்பத்திரி அங்கியின் முடிச்சைப் பிடித்து இழுத்தார்.

எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். குளியல் என்றுதான் தோன்றியது. முப்பது வருடத்துக்கு மேல் கூட இருந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? விழுந்த நாளிலிருந்து அவர் உடம்பில் வெந்நீர் பட்டதே இல்லை. நர்ஸுகள் சூடான துண்டால் துடைத்துவிடுவார்கள். தூக்கி இறக்கும் இயந்திரத்தோடு ஒரு குளியலறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஆனால் காய்ச்சல் நிற்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். குளியலுக்கு இரண்டு எண் இருந்தது. எட்டு, பத்து.

"எட்டா?" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பத்தா? பத்துதானே?"

கோபம் வந்துவிட்டது அவருக்கு. படுக்கையை இடது கையால் அடித்தார். "பன்னிரண்டு."

சரி, குளியல் இல்லை என்று முடிவு செய்தேன். மனிதரை நம்பாமல் என் பட்டியலை நம்பினேன். பட்டியலில் பன்னிரண்டுக்கு நேரே ஒரே ஒரு பொருள் இருந்தது. வைக்கோல் செருப்பு. நடக்க வேண்டும் என்கிறார், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் என்று நானும் மிஹோகோவும் ஃபோனிலேயே அழுதோம். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அசாகுசாவில் திருவிழாச் சாமான் கடையில் ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு வாங்கினேன். பன்னிரண்டு காசு இல்லை, இரண்டாயிரத்து நானூறு யென். போர்வையை விலக்கி அவர் காலில் மாட்டினேன். வலது கால் பொம்மைக் கால் மாதிரி கிடந்தது.

அவர் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த அரை முகத்தில் வந்தது சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பன்னிரண்டு" என்றார், மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

புகையிலை டப்பாவைக் கொண்டுபோனேன். ஒருவேளை கையில் கொடுத்தால் வேறு ஏதாவது செய்து காட்டுவாரோ என்று. இடது கையால் துழாவி, மூன்று நாணயங்களை எடுத்தார். சாப்பாட்டுப் பலகையில் ஒவ்வொன்றாக வைத்தார். மூன்று நாலு பன்னிரண்டு. என் பக்கம் தள்ளினார்.

"என்னங்க வேணும்? வாயைத் திறந்து ஒரு பேர் சொல்லுங்களேன். ஒரே ஒரு பேர்" என்று கெஞ்சினேன். அப்போது நர்ஸ் உள்ளே வந்து நாணயங்களைப் பார்த்துவிட்டாள். வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து, எடுத்துப் போங்கள் என்றாள். எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கியை இழுத்து இழுத்து ஊசிக் குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று அன்று மாலை அவர் இடது கைக்கு ஒரு தடித்த உறை மாட்டிவிட்டார்கள். இருந்த ஒரு கையும் போயிற்று.

அராஹதா பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பன்னிரண்டு காசுக்கு என்ன கிடைக்கும் என்று அவரிடமும் கேட்டேன்.

"எத்தனையோ கிடைக்கும் அண்ணி. எந்த வருஷம்னு தெரியாம என்ன சொல்றது? அண்ணனைக் கேட்டாத்தான்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். கிளம்பும்போது கதவருகே நின்று, "அண்ணனோட மேசையில இருந்ததை எல்லாம் அப்படியே ஒரு பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். கண்ணாடி, அன்னிக்கு எழுதிட்டிருந்த சீட்டு, பேனா எல்லாம். கொண்டு வந்து தரட்டுமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உயிரோடு இருக்கிற மனிதரின் மேசையை ஒழித்து வீட்டுக்கு அனுப்புவதா? அப்படி அனுப்பினால் அவர் இனி வரப்போவதில்லை என்று நாமே சொன்ன மாதிரி. எங்கள் அப்பாவுக்கு அவர் ஆபீஸிலிருந்து அப்படித்தான் பெட்டி வந்தது. அடுத்த மாதமே போய்ச் சேர்ந்தார்.

"பெட்டி அங்கேயே இருக்கட்டும்" என்றேன். "அவர் வந்து அவரே பிரிச்சுப் பாத்துக்குவார்."

"சரி அண்ணி. தப்பா எடுத்துக்காதீங்க" என்று அராஹதா தலைகுனிந்து போனார். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ரயிலில் ஏழு ஸ்டேஷன் தூரம்.

அதற்குப் பிறகு தினமும் நாற்பது, ஐம்பது தடவை பன்னிரண்டு. நான் நோட்டுப் புத்தகங்களை முதலிலிருந்து மறுபடியும் புரட்டினேன். மெழுகுவர்த்தி, முள்ளங்கிக் கட்டு, காகித விசிறி என்று பன்னிரண்டுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒருநாள் முள்ளங்கியைப் பையிலிருந்து எடுத்ததும் பக்கத்துப் படுக்கைக்காரர், "நாளைக்கு மாடு வருமா அம்மா?" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்த மாதிரி நோயில ஒரே வார்த்தை நாக்குல சிக்கிக்கும்மா. அவரே அறியாம அது வந்துட்டே இருக்கும். அதுக்கு அர்த்தம் தேடாதீங்க. நீங்க தேடத் தேட அவரும் பதட்டப்படறார், நீங்களும் தேஞ்சு போறீங்க."

"மத்த எண்ணுக்கெல்லாம் அர்த்தம் இருந்ததே."

"இருந்தது. இப்ப நிலைமை முன்னை மாதிரி இல்ல. புது அடைப்பு ஒண்ணு வந்திருக்கலாம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, மகளை வரச் சொல்லுங்கள் என்றார்.

நான் சண்டைக்காரி. ஆனால் படித்தவர் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லும்போது எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனிமேல் தேட வேண்டாம். அறைக்குத் திரும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னிரண்டு."

"ஆமாங்க, பன்னிரண்டு" என்றேன். போர்வையை இழுத்துவிட்டேன். "பன்னிரண்டு, பன்னிரண்டு. தூங்குங்க."

முப்பத்தொரு வருடம் அவர் எனக்கு விலை சொல்லியிருக்கிறார். ஒருநாளும் நான் அப்படி ஆமாம் போட்டதில்லை. எதிர்த்துத்தான் பேசியிருக்கிறேன். ஆமாம் போட்டதும், நான் கேட்பதை விட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். பன்னிரண்டும் சொல்லவில்லை, பதினாறும் சொல்லவில்லை. ஜனவரி எட்டாம் தேதி, வெயில் படுக்கைமேல் விழுகிற மத்தியான வேளையில், மூச்சு நின்றது. மிஹோகோ இடது கையின் உறையைக் கழற்றினாள்.

மறுநாள் ஈமச்சடங்கு மண்டபத்தில், சவப்பெட்டியில் வைப்பதற்கு முன்னால் உடலைக் குளிப்பாட்ட ஏற்பாடு செய்திருந்தோம். அதற்கென்று வேலைக்கு வருகிற இரண்டு பெண்கள் சக்கரத்தில் வைத்த வெள்ளைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்து அறையில் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் மிஹோகோவும் வெளியே நாற்காலியில் காத்திருந்தோம். அப்போதுதான் அராஹதா வந்தார். கறுப்பு உடை, கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"இப்பக் குடுக்கலாமில்ல அண்ணி" என்றார். அவர் கண் சிவந்திருந்தது.

மடியில் வைத்துத் திறந்தேன். பூதக்கண்ணாடி, பேனா, பாதி தீர்ந்த இருமல் மிட்டாய். அடியில் ஒரு கண்ணாடிக் காகித உறைக்குள் ஒரு படம். அதனோடு செருகிய சீட்டு. படத்தில் துண்டைத் தோளில் போட்ட இரண்டு ஆட்கள் ஒரு வாசலில் நுழைகிறார்கள். வாசலுக்கு மேலே விலைப்பலகை. சீட்டு அவர் கையெழுத்தில், வழக்கமான வரிசையில் இருந்தது.

தேதி: எருது வருடம், ஐந்தாம் மாதம். பொருள்: குளியல்கூடம் வாடிக்கையாளருக்குக் கொடுத்த படம். விலை: முன்பு பத்து. பத்தை வெட்டி எடுத்துவிட்டுத் துண்டு மரம் பொருத்தியிருக்கிறார்கள்; நாலு பக்கமும் வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிகிறது. இப்போது பன்னிரண்டு காசு.

கடைசி வரியில் எங்கள் தெருக் குளியல்கூடத்தின் புது விலையை எழுதியிருந்தார். அதற்குக் கீழே, எந்தச் சீட்டிலும் இல்லாத ஒரு வரி. "தோகியெவிடம் இன்றே காட்ட வேண்டும். அப்போதும் ஏற்றியிருக்கிறார்கள்."

நான் தோகியெ.

மிஹோகோ என் தோளுக்கு மேலாகப் படித்தாள். "அம்மா" என்றாள். அராஹதா என்ன என்று கேட்டார். நான் சீட்டை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பி என் மடியில் வைத்தார்.

குளிக்க வேண்டும் என்றாரா, காலையில் போட்ட சண்டைக்குப் பதில் சொன்னாரா? இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். எட்டா என்று கேட்டேன், பத்தா என்று கேட்டேன். எருது வருடத்து விலையைச் சொன்ன மனிதரிடம் அதற்கு முந்தைய விலையைச் சொல்லிப் பேரம் பேசியிருக்கிறேன். தேதியைப் பார் தேதியைப் பார் என்று முப்பத்தொரு வருடம் சாப்பாட்டு மேசையில் சொன்னவர். அங்கி முடிச்சை அவிழ்க்கப் பார்த்த கையை உறைபோட்டுக் கட்டினோம். இதற்கு எங்கே போய் முட்டிக்கொள்வது?

"எல்லாம் தயாரா இருக்கும்மா, வரலாம்" என்று குளிப்பாட்டும் பெண்களில் மூத்தவள் வந்து கூப்பிட்டாள். நாற்பது வயது இருக்கும். பணிவான குரல்.

உள்ளே அவரைத் தொட்டிக்கு மேலே வலையில் கிடத்தி, பெரிய துண்டால் மூடியிருந்தார்கள். இறந்தவருக்குத் தண்ணீர் விளாவுவது தலைகீழாக. முதலில் பச்சைத் தண்ணீர், அதில் வெந்நீரைச் சேர்க்க வேண்டும். அவள் அப்படியே செய்து, மரச்செம்பை என் கையில் கொடுத்தாள். நான் விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. சட்டிச் சூடு.

"இன்னும் சூடு வேணும்" என்றேன்.

"இதுதான் வழக்கம்மா. அதுக்கு மேல சூடு வெச்சா உடம்புத் தோலுக்கு..."

"இவர் கொதிக்கக் கொதிக்கத்தான் குளிப்பார். கொஞ்சமாவது கூட்டுங்க."

அவள் தன் கூட்டாளியைப் பார்த்தாள். வெந்நீர்க் குழாயை ஒரு சுற்றுத் திறந்தாள், உடனே மூடினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

என் கைப்பையில் அந்த மூன்று நாணயங்கள் அப்படியே கிடந்தன. எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் தயங்கினாள்.

"மன்னிக்கணும்மா, எரிக்கிறதால உலோகம் பெட்டிக்குள்ள வைக்க விடமாட்டாங்க."

"அவரோட அனுப்ப இல்ல. உங்களுக்குத்தான். குளிக்கிற கூலி. அவரே எண்ணி வெச்சது."

அவளுக்கு என்ன புரிந்ததோ. ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள். இரண்டு கையையும் ஏந்தி மூன்று நாணயங்களையும் வாங்கிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் அவர் பக்கம் திரும்பிக் குனிந்து, எங்கள் தெருக் குளியல்கூடத்தில் காசு வாங்கிப் போடுகிற அம்மாள் தினமும் சொல்வதைச் சொன்னாள்.

"நிதானமா இருந்து குளிங்க ஐயா."

நான் செம்பை முக்கி, அவர் பாதத்திலிருந்து மேலே ஊற்ற ஆரம்பித்தேன். மிஹோகோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் அவருக்குப் போதுமான சூடாக இல்லை.